ஐம்பது வயசுக்குக் கீழ்த்தட்டு

ஜவுளிக்கடையில் முதலில் அளக்கப்படுவது துணியல்ல, வாசலில் செருப்பை விடும் பெண்ணின் வயசு.

இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்விட்ச் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்து, வேலைநிறுத்தத்தில் முன்வரிசையில் நின்றதற்காக வெளியே அனுப்பப்பட்டவள் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் எனக்குப் படிப்பு கொடுத்தது துண்டுப் பிரசுரங்கள்தான். சுவரில் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிடுவேன். அப்புறம் எந்தக் கம்பெனியும் என்னைக் கேட்டுக்குள் விடவில்லை. எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றேன். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது.

தலையில் நாலு நரை எட்டிப் பார்த்த பிறகு, மனசுக்குப் பிடித்த ஒரு சேலைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய சகோதரிகளே, கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள் பாடம்

எங்கள் சூப்பர்வைசர் வரதராஜன் முதல் நாளே அலமாரியைக் காட்டிப் பாடம் எடுத்தார். மேல்தட்டு கல்யாணப் பெண்ணுக்கு. கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டுகள் வேலைக்குப் போகிற பெண்களுக்கும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் தட்டு ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு. அந்தத் தட்டில் என்ன இருந்தது என்று குனிந்து பார்த்தேன். மண் நிறம், சாம்பல் நிறம், காப்பித்தூள் நிறம், கழுவிய சிலேட்டு நிறம். இரண்டு தீபாவளி பார்த்தும் விலை போகாத சரக்கு. கஞ்சி போட்ட கனத்தில் தரையில் வைத்தால் தானாகவே நிற்கும். ஒரு தடவை அலசினால் கொசுவலையாகிவிடும். இத்தனைக்கும் கண்ணுக்கு நேரே இருந்த நல்ல சேலைகளின் விலைதான் இவற்றுக்கும்.

ஏன் இப்படி என்று கேட்டேன். கம்பெனியில் இருந்தபோதும் இந்தக் கேள்வியால்தான் கெட்டேன், ஆனாலும் கேட்டேன். வரதராஜன் கோபப்படவில்லை. புரியாத பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்: "அதுங்களை யாரும்மா பாக்கப் போறாங்க?"

எச்சில் தொட்ட விரல்

பூந்தமல்லியிலிருந்து ஜைனப் பீ என்று ஒரு அம்மா வருவார். வீட்டிலேயே ஜரிகை வேலை செய்து கொடுப்பவர், அறுபது வயசிருக்கும். ஊரிலேயே அத்தனை ஜவுளிக்கடை இருக்க, எங்கள் கடையில் ஒரு காலத்தில் நல்ல வாயில் சேலை கிடைத்தது என்பதற்காக பஸ் ஏறி வருவார். அன்றைக்கு அவர் கேட்டது ரோஜா நிறத்தில் சின்னப் பூ போட்ட சேலை. வரதராஜன் நான் கை நீட்டுவதற்குள் கீழ்த்தட்டிலிருந்து நாலு சேலையை உருவி வீசினார். சுத்தமான சாயம், பத்து வருடம் உழைக்கும் என்று ஒரு பிரசங்கம் வேறு.

ஜைனப் பீ ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, சேலையின் ஓரத்தில் அழுத்தி ஒரு தேய் தேய்த்தார். விரலைத் திருப்பிக் காட்டினார். காப்பித்தூள் நிறம் அப்படியே ஏறியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். வரதராஜன் அசரவில்லை. வெளியே போகும்போது மேலே துப்பட்டி போர்த்திக்கொள்ளத்தானே போகிறீர்கள், உள்ளே எது இருந்தால் என்ன என்றார். அந்த அம்மா விரலை, சேலை விரித்துக் காட்டும் வெள்ளை மெத்தையிலேயே துடைத்துவிட்டு எழுந்தார்.

"மேல துப்பட்டி போத்திக்கினா, உள்ள கோணிப்பை கட்டிக்கினு வரணும்னு யாருப்பா உனுக்குச் சொன்னது?"

யாருக்குச் சேலை?

ஆவடியிலிருந்து ஒரு மகன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். நல்ல பிள்ளைதான், அம்மாவை மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தான், குடிக்கச் சோடா வாங்கிக் கொடுத்தான். ஆனால் அம்மாவின் வாயை மட்டும் அவனே வைத்துக்கொண்டான். அம்மாவுக்கு இந்த நிறம் போதும், அம்மாவுக்குக் கரை வேண்டாம், அம்மாவுக்கு எதுவானாலும் சரி. அந்த அம்மாவின் கை மட்டும் பக்கத்தில் யாருக்கோ பிரித்துப் போட்டிருந்த கிளிப்பச்சைச் சேலையின் மேல் போய்ப் போய் வந்தது.

நான் மகனை விட்டுவிட்டு அம்மாவிடம் நேராகக் கேட்டேன், உங்களுக்கு எதும்மா பிடிச்சிருக்கு என்று. மகன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அந்த அம்மா சோடா பாட்டிலைக் கீழே வைத்தார்.

"அவன் கட்டிக்கப் போறான்னா அவனுக்குப் புடிச்சதே குடு பாப்பா. நான் கட்டிக்கணும்னா அந்தப் பச்சையை எடு."

இந்த இரண்டு வியாபாரத்துக்குப் பிறகு வரதராஜன் எனக்கு எச்சரிக்கை கொடுத்தார். இன்னொரு தடவை வாய் நீண்டால் என்னைப் பின்பக்கம் ஜாக்கெட் துணிப் பிரிவுக்குத் தள்ளிவிடுவாராம். அதற்கெல்லாம் பயப்படுகிறவளா நான்?

என் கையும் கெட்டது

இனிமேல் சொல்லப் போவது எனக்குப் பெருமையான விஷயமில்லை.

ஒரு புதன்கிழமை தனபாக்கியம் வந்தாள். மேனாம்பேட்டுக்காரி. எங்கள் வேலைநிறுத்தத்தின்போது, எதிர் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவள். ஷிப்டு முடிந்ததும் தூக்குவாளியில் கூழ் கொண்டுவந்து எங்கள் கேட் முன்னால் ஊற்றியவள். பல வருடம் கழித்துப் பார்க்கிறேன், தலை முழுக்க நரைத்திருந்தது. வாடி உட்கார் என்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, நல்லா ஒரு சேலை காட்டு என்று அவள் கேட்டதும், நான் குனிந்தேன். என் கை தானாகவே கீழ்த்தட்டுக்குப் போய் ஒரு மண் நிறச் சேலையை இழுத்தது. இரண்டு வருடம் தினமும் செய்த வேலை, மூளையைக் கேட்காமலே கை செய்துவிட்டது.

அவள் சேலையைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். "இன்னா கோமதி, இது கொடி புடிச்ச கைதானே?"

மயில்கழுத்து நிறம்

அந்தச் சேலையைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, கண்ணுக்கு நேரே இருந்த தட்டிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிப் போட்டேன். தனபாக்கியம் விஷயத்தைச் சொன்னாள். மாதக் கடைசியில் அவளுக்கு ரிட்டயர்மென்ட். எஸ்டேட்டில் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பிரிவில் உள்ளவர்கள் சேர்ந்து ஆணுக்கு வேட்டி, பெண்ணுக்குச் சேலை வாங்கி, மேடையில் எல்லோர் முன்னாலும் தோளில் போர்த்திப் போட்டோ எடுப்பார்கள். வாங்க வருவது ஆண்கள். போன வருடம் அவளுடைய சிநேகிதிக்குச் சாக்கு மாதிரி ஒன்றைப் போர்த்தினார்கள். சிநேகிதி அந்தப் போட்டோவைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள். தனக்கு அப்படி நடக்கக்கூடாது என்பதுதான் தனபாக்கியத்தின் கவலை. இருபத்தாறு வருடம் கம்பெனியின் காக்கி மேல்சட்டைக்குள் இருந்தவள், வெளியே வருகிற நாளில் தனக்குப் பிடித்த நிறத்தில் வரவேண்டும் என்று நினைத்தாள். இது பெரிய கோரிக்கையா?

அரை மணி நேரத்தில் தேர்ந்தெடுத்துவிட்டாள். மயில்கழுத்து நிறத்தில் காஞ்சி காட்டன், அரக்குக் கரை. கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் பார்த்தாள். சனிக்கிழமை என் பிரிவிலிருந்து இந்தக் கடைக்குத்தான் வருவார்கள், அவர்களிடம் இதை எப்படியாவது எடுக்க வைத்துவிடு என்றாள். தனபாக்கியமே பார்த்து வைத்த சேலை என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்றேன். உடனே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதே. கேட்டு வாங்கிக்கினா அது மரியாதை இல்ல, பிச்சை."

அந்தச் சேலையைக் கல்யாணச் சேலைகளின் அடுக்கில், கடைசிக்கு முந்தினதாக, மடிப்பைத் திருப்பி ஒளித்து வைத்தேன்.

தோழர்கள் வந்தார்கள்

சனிக்கிழமை காலையில் வரதராஜன் என்னை நிஜமாகவே ஜாக்கெட் துணிக்கு மாற்றிவிட்டார். மதியத்துக்கு மேல் சேலைப் பிரிவில் பழகிய குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் தனபாக்கியத்தின் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர், நடுவில் அவர்களுடைய சங்கச் செயலாளர். நானும் அவரும் ஒரே மேடையில் பேசியிருக்கிறோம். பெண் விடுதலை என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்துக்கு மைக்கை விடமாட்டார். அவர் முன்னால் கீழ்த்தட்டு முழுவதும் விரிந்து கிடந்தது. காப்பித்தூள் நிறத்தில் ஒன்றைக் கையில் எடுத்தும்விட்டார்.

நான் ஒளித்து வைத்ததை உருவி அவர் மடியில் போட்டேன். நூல் பாருங்கள் தோழர், கரை பாருங்கள், விலை ஒன்றுதான் என்றேன். போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்றேன். வாங்கிக்கொள்கிறவளுக்கும் இரண்டு கண் இருக்கிறது என்றேன். சொல்லக்கூடாத ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். வரதராஜன் பின்னாலிருந்து, அதெல்லாம் சின்ன வயசுக்காரங்க கட்டுறது சார் என்றார். மூன்று பேரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். ஒரு தீர்மானத்தைக்கூட இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் நிறைவேற்றி நான் பார்த்ததில்லை. கடைசியில் செயலாளர் மயில்கழுத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க தோழர். வயசுக்கு ஏத்த மாதிரி இருக்க வேணாமா?"

ஒரு டம்ளர் தண்ணீர்

அடுத்த மாதம் இரண்டாம் தேதி தனபாக்கியம் படியேறி வந்தாள். கையில் எங்கள் கடைப் பை. அரக்கு நிறத்தில் புது ஜாக்கெட் போட்டிருந்தாள். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சேலையைத் தேர்ந்தெடுத்த வாரமே துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறாள். மேடையில் அந்த அரக்கு ஜாக்கெட்டோடுதான் காத்திருந்திருக்கிறாள். தோளில் விழுந்தது காப்பித்தூள்.

நான் சொல்லிவிட்டிருக்கலாம் என்றேன். நீ சொல்லாதது சரிதான் என்றாள். வரதராஜனிடம் போய்ச் சேலையை மாற்றிக் கேட்டோம். சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார்: விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது. ஒரு தடவைகூடக் கட்டவில்லை, கடைச் சீட்டு ஒட்டியபடியே இருக்கிறது என்றேன். சரக்கில் குறை இருந்தால் பேசு, சுத்தமான சாயம் என்றார். அப்போது மெத்தையில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் உட்கார்ந்திருந்தது, பன்னிரண்டு பேர். மேல்தட்டில் பாதி அவர்கள் முன்னால்.

எனக்கு ஜைனப் பீயின் விரல் ஞாபகம் வந்தது. கல்யாண வீட்டாருக்கு வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் தண்ணீரை எடுத்து, அவர்கள் நடுவிலேயே வைத்து, காப்பித்தூள் சேலையின் முந்தானையை அதற்குள் அழுத்தினேன். எண்ணி இருபது வரைக்கும் போகவில்லை. டம்ளரைத் தூக்கிக் காட்டினேன், மெத்தையில் கொஞ்சம் சிந்தியது. கடைத்தெரு டீக்கடையில்கூட அவ்வளவு திக்காக டிகாக்‌ஷன் கிடைக்காது. கல்யாணப் பெண்ணின் அத்தை தன் மடியிலிருந்த சேலையைச் சந்தேகமாகத் தடவிப் பார்த்தார். வரதராஜன் ஒரே நிமிடத்தில் சேலையை மாற்றிக் கொடுத்துவிட்டார். அன்றைக்குத் தோழர்கள் போனதும் மயில்கழுத்தைப் பழைய இடத்திலேயே மறுபடி ஒளித்து வைத்திருந்தேன்; அது அங்கேயே இருந்தது.

தனபாக்கியம் தடுப்புக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆட்டோவில் போய்விடு, புதுச் சேலை கசங்கிவிடும் என்றேன். சிரித்தாள்.

"நாலரைக்கு ஷிப்டு வுடும். கேட்டுக்கு எதிர பஸ் ஸ்டாப்புல நின்னுகினு இருக்கப் போறேன். எல்லாரும் பாத்துட்டுப் போவட்டும், அப்பறமா ஊட்டுக்குப் போறேன்."

கண்ணாடிக் கதவு வந்த பிறகு

தொண்ணூறுகளில் அதே கடைக்குக் கண்ணாடிக் கதவு வந்தது, குளிர்சாதனம் வந்தது, வரதராஜன் போய் அவருடைய மருமகன் வந்தார். நான் அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். போன பொங்கலுக்கு வாங்குகிறவளாகப் படியேறினேன். எனக்கும் தலை நரைத்துவிட்டது. மாம்பழ மஞ்சளில் ஒன்று காட்டு என்றேன். கவுன்ட்டரில் நின்ற பெண், நான் பேசி முடிப்பதற்குள் குனிந்தாள். நிமிர்ந்தபோது கையில் சாம்பல் நிறம். இப்போது அந்தத் தட்டுக்கு ஒரு கௌரவமான பெயர்ப் பலகை மட்டும் மாட்டியிருக்கிறார்கள்.

நான் சண்டை போடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வா என்றேன். அவள் பதறிப்போய் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள்.

"மயக்கமா வருதா ஆன்ட்டி? உக்காருங்க, சேலை எங்க போவப் போவுது."

எத்தனையோ கேட்டுகளுக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தியவள் நான். முழுசாக வென்ற ஒரே போராட்டம் தனபாக்கியத்துக்காக அன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் முடிந்தது, மெத்தையில் சிந்திய அந்தச் சாயத்தை வரதராஜன் துடைக்கச் சொன்னதும் என்னைத்தான்.