ஒற்றை பூட்ஸ்

பெட்ரோல் பங்கில் டேங்க் மூடியைத் திருகிவிட்டு, நாலு கடை தாண்டியதும் வண்டியை நிறுத்தி மறுபடி தொட்டுப் பார்க்கிற ஆள் நான். வீட்டில் சிரிப்பார்கள். இந்தப் பயம் ஒரு விமானத்திடமிருந்து வந்தது என்றால் இன்னும் சிரிப்பார்கள். அதனால் சொன்னதில்லை.

நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்த வருஷம். அதற்கப்புறம் அதிகம் படிக்கவுமில்லை. எறையூர்ப் பக்கம் கரும்பில் பூச்சி விழுந்து, மருந்தடிக்க ஒரு குட்டி விமானம் வந்து எங்கள் ஊர்த் தரிசில் இறங்கியது. அங்கே ஆடு மாடு நுழையாமல் விரட்டும் வேலை என் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, கிடைத்தது.

பெட்ரோல் ஊற்றும் நேரம் வந்தால் விமானி ஒரு கால் பூட்ஸை மட்டும் கழற்றித் தரையில் வைத்துவிட்டு இறக்கைமேல் ஏறுவார். இறக்கையின் முதுகில்தான் டேங்க் வாய். சாமி காரியம் போல என்று நினைத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்கப் போன நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம்.

ஒருநாள் பெட்ரோல் ஊற்றி முடித்து இறங்கியவர், யாரோ ஒரு அதிகாரியோடு பேசிக்கொண்டே கொதிக்கிற மண்ணில் ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. பூட்ஸைத் துண்டால் துடைத்து, "கால் சுடுதுங்க சார், போட்டுக்குங்க" என்று காலடியில் வைத்தார். அவரும் பேச்சு மும்முரத்தில் அதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விமானம் எழும்பியதும் இறக்கைக்கு மேலே வெள்ளையாகப் புகை பறந்தது. ஜனம் கைதட்டியது. பெட்ரோல் ஊற்றும் உதவியாள் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு மாமாவிடம் ஓடி வந்தார்.

"அது மருந்து இல்லய்யா, பெட்ரோலு! டேங்க மூட மறந்துடக் கூடாதுன்னுதான், மூடுற வரைக்கும் மனுசன் ஒத்தக் கால சுட்டுக்கிறாரு. அதுல போயி பூட்ஸ மாட்டி வுட்டுட்டியே!"

மாமா அப்படியே குந்திவிட்டார். விமானம் வட்டமடித்துத் திரும்பி, குதித்துக் குதித்துத் தரையில் நிற்கும்வரை நான் மாமாவின் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்த விமானி யாரையும் திட்டவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். இறக்கைமேல் மறந்து வைத்த மூடி எங்கேயோ விழுந்திருந்தது. கரும்புச் சோகைக்குள் துழாவி மாமாதான் அதைக் கண்டெடுத்தார்.

மறுநாளிலிருந்து பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் பூட்ஸ் மாமாவின் கையில் இருந்தது. விமானியே கொடுத்துவைத்தார். தெருவில், "என்ன மாப்ள, பூட்ஸு தூக்குற உத்தியோகமாமே, பென்சன் உண்டா?" என்று கேலி கிளம்பிவிட்டது. அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அடுத்தவன் செருப்பக் கையில தூக்குற காலம் நம்ம அப்பாவோட போச்சுன்னு இருந்தேன். நீ நடுத் தரிசுல புடிச்சிக்கிட்டு நிக்கிறியேடா!"

மாமா, "இது வேறக்கா" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தரிசுக்குப் போனார்.

அன்றைக்கு பெட்ரோல் ஊற்றி முடித்ததும் விமானி இறங்கி வந்து பூட்ஸுக்குக் கையை நீட்டினார். மாமா கொடுக்கவில்லை. "இருங்க சார், பாத்துட்டு வரேன்" என்று பூட்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறக்கைமேல் ஏறினார். அத்தனை பெரிய மனிதர் ஒரு கால் வெறுங்காலாக வெயிலில் காத்து நின்றார். கூட்டாளிகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மாமா மூடியை அழுத்தித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் எனக்கு யாரோ என்பதுபோல நான் கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.