எட்டாமிடத்துச் செவ்வாயும் நாப்பது எம்.பி. கம்ப்யூட்டரும்

செவ்வாய்க் கிரகத்துல மனுசன் போயிக் குடியிருக்க முடியுமான்னா கேக்குறீக? அதுவும் என்கிட்ட! சரி, கேட்டுட்டீக, சொல்றேன், உக்காருங்க. அந்த நாக்காலி வேணாம், அதுக்கு ஒரு காலு சரியில்ல.

கம்ப்யூட்டர் ஜாதகக் கடைக்காரன்னா, ஒம்பது கிரகம் செய்யிற தப்புக்கும் கவுண்டர்ல நின்னு ஏச்சு வாங்குறவன்னு அர்த்தம். நீங்களும் ஏதாச்சும் ஒரு கவுண்டருக்குப் பின்னாடி நின்னவுகளா இருந்தா இது புரியும். நான் பகல்ல தறி ஓட்டி, சாயங்காலம் டுடோரியல்ல பத்தாங்கிளாஸ் முடிச்சு, அங்கனயே ரேடியோ மெக்கானிசமும் படிச்சவன். எண்பதுகள் பூராம் அருப்புக்கோட்டையில டேப்பு, ரேடியோ, டிவி ரிப்பேரு. தொண்ணூத்தி ஒண்ணுல மதுரையில ஒரு ஆபீசுல கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டர் ஒண்ண வாங்கி பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்தேன். நாப்பது எம்.பி. ஹார்டு டிஸ்க்கு. அப்ப அது பெரிய சங்கதி. ஜாதகம் கணிக்கிற புரோக்ராமு ஒரு பிளாப்பியில வந்துச்சு. ரிப்பேரு ஒரு பக்கம், ஜாதகம் ஒரு பக்கம். டைப் அடிக்க எந்தங்கச்சி முத்துலட்சுமி. டைப்ரைட்டிங்ல ஹையர் பாஸு.

மொத நாளு சோதனைக்கு அவ ஜாதகத்தத்தான் போட்டோம். லக்னத்துலருந்து எண்ணுனா எட்டாமிடத்துல செவ்வாய். ஊரு ஜோசியரு முன்னாடியே சொன்னதுதான், இப்ப அச்சடிச்சே வந்துருச்சு. எட்டுல செவ்வாய் உள்ள பொண்ணக் கட்டுனா மாப்பிள்ளை உசுருக்கு ஆகாதும்பாக. வார எடமெல்லாம் அந்த ஒத்தக் கட்டத்தப் பாத்துட்டுக் காப்பியக் குடிச்சுட்டுப் போயிரும். அப்ப அவளுக்கு இருபத்தி மூணு. ஆறு வருசம் அப்படியே போச்சு. அந்த ஆறு வருசமும் அவ கீபோர்டு முன்னாடி உக்காந்து அடுத்தவுக செவ்வாயப் பூராம் டைப் அடிச்சா. அதனால அந்தக் கிரகத்தப் பத்தி எனக்குச் சொந்தமாக் கொஞ்சம் கருத்து இருக்கத்தான் செய்யும்.

கம்மாய்க்கு ஒரு ஜாதகம்

பரளச்சிப் பக்கத்துலருந்து வெள்ளாமை பாக்குற சம்சாரி ஒருத்தரு வந்தாரு. மாடு வாங்கப் போறவரு மாதிரி கம்ப்யூட்டர ஒரு சுத்துச் சுத்தி, பின்னாடி குனிஞ்சு பாத்தாரு. "இது கிரகத்தப் பாத்துச் சொல்லுமாமே, மழை எப்பன்னு கேளுங்க"ன்னாரு. மழையெல்லாம் சொல்லாதுங்கய்யா, பொறந்த தேதி, நேரம், ஊரு குடுத்தாத்தான் வேலை செய்யும்னேன்.

"அப்ப எங்க கம்மாய்க்குப் போடுங்க"ன்னாரு. முத்துலட்சுமி சிரிப்ப அடக்கிக்கிட்டு, "கம்மாய் என்னைக்குங்கய்யா பொறந்துச்சு?"ன்னா. அவரு கோவப்படல. நெசமாவே ரோசிச்சாரு. மழை பேஞ்சு மூணு வருசமாகி, கம்மாயில சொட்டுத் தண்ணி இல்லாம இருந்த சமயம். "பொறந்த தேதி யாருக்குத் தாயி தெரியும், அது ராசா காலத்துது. ஒடஞ்ச தேதிதான் தெரியும். அத வச்சு ஒண்ணும் போட முடியாதா?"

பொறக்காத புள்ள

கம்ப்யூட்டர் சாமான்ல எது முக்கியம்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாக. என்னையக் கேட்டா பேட்டரிம்பேன். உள்ள போர்டுல சின்னதா ஒண்ணு இருக்கும். கரண்டு போனாலும் தேதியையும் நேரத்தையும் ஞாபகம் வச்சுக்கிறது அதுதான். தொண்ணூத்தி மூணுல அது செத்துப் போச்சு. காலையில சுவிட்சப் போட்டா, பொட்டி எண்பதாம் வருசம் சனவரி ஒண்ணாந்தேதியில போயி உக்காந்துக்கிருச்சு. எனக்குத் தெரியாது. இப்ப பேப்பர்ல எழுதுறாகள்ல, ரெண்டாயிரம் பொறந்தா உலகத்துக் கம்ப்யூட்டர் பூராம் தேதி கொழம்பிப் போகும்னு. எங்க கடையில அது முன்னாடியே வந்துட்டுப் போயிருச்சு.

அன்னைக்கு மல்லாங்கிணறுலருந்து ஒரு அம்மா ஏழு வயசு மகளக் கூட்டிக்கிட்டு வந்தாக. புள்ளைக்குக் கையில மாவுக்கட்டு. பொறந்தது எண்பத்தாறுன்னு அடிச்சதும் திரையில "தேதி தவறு. இந்த நாள் இன்னும் வரவில்லை"ன்னு வந்துச்சு. திருப்பித் திருப்பி அடிச்சோம், அதேதான். முத்துலட்சுமி அத அப்படியே வாசிச்சுட்டா. வாசிச்சிருக்கக் கூடாது. அந்தம்மா புள்ளையோட கட்டுப் போட்ட கையத் தூக்கிப் பொட்டிக்கு முன்னாடி காட்டுனாக: "இன்னும் பொறக்கவே இல்லையாம்ல? அப்ப அடுத்த வீட்டுக் கொய்யா மரத்துலருந்து விழுந்து கைய ஒடச்சுக்கிட்டு வந்தவ எவடி?"

ரஜ்ஜு தட்டுது

ஒரு தீபாவளிக்கு முன்னாடி ரசிகர் மன்றச் செயலாளர் பாண்டி வந்தாரு. டீக்கடை மாஸ்டரு. கையில சினிமாப் பத்திரிகையிலருந்து கிழிச்ச ரெண்டு பொறந்த தேதி. ஒண்ணு அவுக தலைவருது, இன்னொண்ணு டைரக்டருது. பொருத்தம் பாத்து, படம் ஓடுமான்னு சொல்லணும். புரோக்ராமோ ஆணு ஒண்ணு பொண்ணு ஒண்ணு கேக்கும், வேற வழி கெடையாது. டைரக்டரப் பொண்ணு கட்டத்துல போட்டோம். பாண்டிக்குச் சம்மதந்தான். தலைவரு மாப்பிள்ளையா இருந்தாச் சரின்னுட்டாரு. பத்துக்கு ஆறு பொருத்தம் வந்துச்சு. ஆனா ரஜ்ஜு இல்ல. தாலி பாக்கியத்துக்குன்னு பாக்குற பொருத்தம் அது, அது இல்லாட்டி பொண்ணு வீட்டுல எந்திரிச்சுருவாக.

படம் வந்துச்சு. தலைவரு ராக்கெட்டுல வேற கிரகத்துக்குப் போயி டூயட்டுப் பாடுற கதை. சினிமாவப் பத்தி எனக்குப் பெரிய கருத்து கெடையாது. பாட்டு நல்லாருந்து, இடைவேளையில முறுக்குச் சூடா இருந்தாப் போதும். ஆனா ராக்கெட்டுக்குள்ள காட்டுன மிசினு ஒரு பழைய டேப் ரெக்கார்டரு. மூடியக் கழட்டித் திருப்பி வச்சிருக்காக, பெல்ட்டு கூட மாட்டல. பெல்ட்டு இல்லாம எங்கிட்டுப் போறது? அதுக்காகவே இன்னொரு தடவை போயிப் பாத்துட்டு வந்தேன். படம் பதினாறு நாளுல பொட்டிக்குள்ள போயிருச்சு. பாண்டி கடைக்கு வந்து செவுத்துல சாஞ்சு நின்னாரு, எழவு வீட்டுக்கு வந்தவரு மாதிரி. "அன்னைக்கே ரஜ்ஜு தட்டுதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீக அண்ணாச்சி. நாங்கதான் ரெண்டு பேத்தையும் பிரிச்சு வைக்காம விட்டுட்டோம்."

பாட்டுல இரைச்சல்

ஒரு ஜாதகம் அச்சாக இருபது நிமிசம் ஆகும். பிரிண்டரு போடுற சத்தம், கருவேலங்காட்டுக்குள்ள தகரத்த இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். அத மறைக்க டேப்புல பாட்டுப் போட்டு விடுவேன். வீரசோழன் காதர் பாய் அதுக்காகவே வந்து உக்காருவாரு. அரபு நாட்டுல பதினோரு வருசம் இருந்துட்டு வந்தவரு. வரும்போது ரெண்டு ஆளு தூக்குற மாதிரி ஒரு டேப்பு செட்டு கொண்டாந்திருந்தாரு. அத ரிப்பேருக்குக் குடுத்தாரு. நானும் நாலு நாளு தொறந்து வச்சுப் பாத்தேன், ஒரு குறையும் இல்ல. என்னதான் பாய் கோளாறுன்னேன். "இதுல இரைச்சலே வர மாட்டேங்குது தம்பி. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர்ல கேட்டு வளந்த பாட்டு. கொரகொரப்பு இல்லாமக் கேட்டா யாரோ பெரிய மனுசன் வீட்டுப் பாட்டு மாதிரில்ல இருக்கு?"

இசையில எனக்கு இருக்குற ஒரே கருத்து அவரு சொன்னதுதான். நீங்க கேட்ட விசயத்துலயும் அப்படித்தான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி செவ்வாய்ல ஒரு சின்ன வண்டி எறங்கி ஓடுதுன்னு பேப்பர்ல கலர்ல படம் போட்டாகள்ல, அந்தப் பேப்பரப் பாய்தான் விரிச்சு வச்சுக்கிட்டு இருந்தாரு. வருங்காலத்துல ஆளுக போயிக் குடியிருக்கப் போறாகன்னு கீழ எழுதியிருந்துச்சு. "செவந்த மண்ணு, மரமில்ல, தண்ணியில்ல. இங்கன நான் இருந்துட்டு வந்துட்டேன் தம்பி"ன்னாரு. அப்புறம், போயிச் சேர எத்தன நாளுன்னு கேட்டாரு. ஏழெட்டு மாசம்னு போட்டிருக்குன்னேன். பேப்பர மடிச்சு வச்சுட்டுச் சொன்னாரு: "வீட்டு லெட்டரு இருபது நாளு தாமசமானதுக்கே நான் பாத்ரூமுக்குள்ள போயி அழுதிருக்கேன். லெட்டரு வராத ஊருக்குக் கோடி ரூவா குடுத்தாலும் போகாதீகன்னு அந்தப் புள்ளைகளுக்கு யாராச்சும் சொல்லுங்க."

பதினோரு நிமிசம்

இந்தத் தொழில்ல வாரவுகள்ல பாதிப்பேரு காதுகிட்டக் குனிஞ்சு, "நேரத்த மட்டும் கொஞ்சம் முன்னப்பின்னப் போட்டுருங்க"ம்பாக. மாட்டேன்னுருவேன். ஆறு வருசத்துல ஒருத்தருக்கும் மாத்திக் குடுத்ததில்ல. அதுல எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

செவ்வாய்ல வண்டி எறங்குன அந்த வருசந்தான் திருச்சுழியிலருந்து ஒரு எடம் வந்துச்சு. மாப்பிள்ளைக்குத் தண்ணிக்கு போர் போடுற லாரியில வேலை, பேரு செல்லச்சாமி. டேப்பு ரிப்பேருக்குன்னு கடைக்கு வந்தவருதான். நல்லாப் பாடிக்கிட்டு இருந்த டேப்ப மூணாந்தடவையும் தூக்கிட்டு வந்தப்பவே எனக்கு விளங்கிருச்சு. முத்துலட்சுமிக்கும் இஷ்டந்தான். அவரு வந்தா டைப்புல தப்பு விழுகும். அவுக அம்மா ஜாதகம் கேட்டு விட்டாக. அவளுக்கு இருபத்தொம்பது வயசு. இந்த எடத்தையும் அந்தக் கட்டம் வெரட்டிரும்னு எனக்குத் தெரியும். மத்தியானம் அவ சாப்பிடப் போன நேரத்துல நானே உக்காந்து, அவ பொறந்த நேரத்துல பதினோரு நிமிசத்தக் கொறச்சேன். லக்னம் ஒரு கட்டம் பின்னுக்குப் போச்சு, எட்டுல நின்ன செவ்வாய் ஒம்பதுக்கு வந்துருச்சு. அம்புட்டுப் பெரிய கிரகத்த நவுத்த ரெண்டு கீ போதும். அச்சடிச்சு, நாலு மூலையிலயும் மஞ்சத் தடவிக் கவருல போட்டேன்.

அவ வந்தா. மஞ்ச வாடையிலயே கவரத் தூக்கிப் பிரிச்சா. அவ ஜாதகம் அவளுக்கு மனப்பாடம். சத்தம் போடல. அந்தத் தாள நாலா மடிச்சு என் கையில குடுத்தா. "அண்ணே, இந்த நேரத்துல பொறந்தவ நானில்ல, வேற எவளோ. அவுக அவளக் கட்டிக்கிட்டுப் போயிட்டா நான் எங்க போறது?"

போர்க்காரரு சொன்னது

மறுநாளு ஜாதகத்த வாங்க செல்லச்சாமியே நேர்ல வந்தாரு. சட்டையெல்லாம் போர் மண்ணு. விசயத்தச் சொல்லிக் குடுக்குற வேலைய அண்ணங்காரன் நான் செஞ்சிருக்கணும், செய்யல. ஒரு டேப்பத் தொறந்து வச்சு, சூடே ஏறாத சால்டரிங் கம்பிய வச்சு இழுத்துக்கிட்டு இருந்தேன். முத்துலட்சுமிதான் எந்திரிச்சு உள்ளது உள்ளபடி அச்சடிச்ச தாள நீட்டுனா. "எட்டுல செவ்வாய் இருக்கு. அண்ணன் மாத்திப் போட்டிச்சு, நான் வேணாம்னுட்டேன். உங்க உசுருக்கு ஆகாதும்பாக. வீட்டுல காட்டிட்டுச் சொல்லுங்க"ன்னா.

அவரு வாங்கி, மேலருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. கட்டம் பாக்கத் தெரியாதுங்குறது அவரு பாத்த பார்வையிலயே தெரிஞ்சுச்சு. அவரு தாள மடிச்சுப் பையில வச்சாரு. "பன்னெண்டு வருசமா போர் போடுறேன். பரளச்சியில என் காலுக்கு நேரு கீழ தண்ணி கெடக்கா இல்லையான்னே இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியல. அம்புட்டுத் தொலவுல கெடக்குறது என்னைய என்ன செய்யும்னு யாரு கண்டா? நாளைக்கு மத்தியானம் நீங்க கடையில இருப்பீகளா, அத மட்டும் சொல்லுங்க."

அவுக அம்மாவச் சம்மதிக்க வைக்க நாலு மாசமாச்சு. அது எண்ணூறு அடி போர விடக் கஷ்டம்னு அவரே சொன்னாரு. தையில கல்யாணம். வார தையோட ரெண்டு வருசம். ஆளுக்கு ஒண்ணும் ஆகல, தொந்திதான் போட்டிருக்கு. இப்ப முத்துலட்சுமி பிரசவத்துக்கு இங்கன ஆஸ்பத்திரியில சேந்திருக்கா. எங்கம்மா கூட இருக்காக. நானும் அங்கனதான் நின்னேன். பொறக்குற நேரத்தக் குறிக்க நிமிசத்துக்கு ஒருதரம் கடிகாரத்தப் பாக்குறேன்னு என்னைய மட்டும் வெரட்டி விட்டுட்டாக. அதான் ஒங்களோட பேசிக்கிட்டு இருக்கேன்.

ஆக, எட்டு வருசத்துல எந்தக் கிரகமும் இந்த மாடிப்படியேறி வந்து என்னோட சண்டை போட்டதில்ல, வந்தது பூராம் ஜாதகக்காரவுகளோட அம்மாமாருதான்.

இருங்க, கீழ தெருவுல யாரோ கத்துறாக. மாப்பிள்ளை சத்தம்.

"மச்சான்! பொம்பளப் புள்ள மச்சான்! ரெண்டு பேரும் நல்லாருக்காக, ஓடியாங்க!"

இந்தா வாரேன் மாப்ளே! ஏங்க, நீங்க ஒண்ணு செய்யுங்க, தயவு செஞ்சு அந்தச் செவுத்துக் கடிகாரத்தப் பாத்துறாதீக. நான் போயிட்டு வாரேன்.