“எஸ்தர் மேடம் நாளைக்குக் கூப்பிடுவாங்க”

எங்கள் சர்வீஸ் டெஸ்க் எஸ்தர் இன்று விடியற்காலையில் இறந்துவிட்டாள். மாரடைப்பு. அத்திப்பட்டு வீட்டில்.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் எங்கள் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள் இந்தக் குரூப்பில் நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கஸ்டமர் அழைப்புகளை எடுக்கும் ஏஐ ஏஜென்டுக்கு மட்டும் விஷயம் தெரியவில்லை. அவளைக் கேட்டவர்களிடம் எல்லாம் “எஸ்தர் மேடம் நாளைக்குக் கூப்பிடுவாங்க” என்று சொல்லி, அவள் திருப்பி அழைக்க வேண்டும் என்று அவள் பெயரில் கால்பேக் போட்டுக்கொண்டிருந்தது.

ஆரம்பாக்கத்தில் வார்ப்பட யூனிட் நடத்தும் விஜயா அக்கா அதுவரை அழைக்கவில்லை. எஸ்தரிடம் தினமும் பேசுகிறவர். அவருக்கு அந்தப் பதில் போய்விடக் கூடாதே என்பதுதான் காலையில் என் கவலையெல்லாம்.

ஏஜென்ட் மேல் தப்பில்லை. கஸ்டமர் சாஃப்ட்வேரில் அது பயன்படுத்தும் ஒவ்வொரு டூலுக்கும் ஒரு விளக்கம் உண்டு. அதைப் படித்துத்தான் எதையும் செய்யும். அந்த விளக்கங்களை எழுதியது எஸ்தரும் நானும்.

முதலில் ஒரு டூலுக்கு நான் ஒற்றை வரியாக எழுதியிருந்தேன். “கஸ்டமர் விவரத்தை மாற்றும்.” அவ்வளவுதான்... எஸ்தர் நாஷ்டாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்து படித்தாள்.

“இன்னாடி இது? எந்த விவரம், எப்ப மாத்தணும், எப்ப கைய வெக்கக் கூடாது... ஒண்ணியும் காணோம்.”

“அதுக்கு அறிவு இருக்கு. புரிஞ்சிக்கும்.”

“அறிவு கீதுன்னுதான் உன்னையும் வேலைக்கு எடுத்தாங்க.”

இப்படித்தான் பேசுவாள். பாதி நாள் எனக்கு அவளைப் பிடிக்காது. செத்தவுடன் ஒருவரைத் தெய்வமாக்குவது எனக்கு வராது.

அவள் எழுதியதும் ஒன்றும் வேதவாக்கு இல்லை. ஒரே கஸ்டமர் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றாக இணைக்க ஒரு டூல் உண்டு. அதற்கு அவள் எழுதியது: “ஃபோன் நம்பர் ஒன்றாக இருந்தால் ஒரே கஸ்டமர். கேட்காமல் இணைக்கலாம்.”

நம் பக்கத்துச் சின்ன யூனிட்காரர்கள் சொந்த நம்பரை எங்கே தருகிறார்கள்? பார்ட் டைமாகக் கணக்குப் பார்க்க வருகிறவர் நம்பரைத்தான் எல்லா இடத்திலும் கொடுப்பார்கள். அவரோ ஏழெட்டு யூனிட்டுக்குக் கணக்குப் பார்ப்பார்.

ஏஜென்ட் சொன்னபடி கேட்டது. விஜயா அக்காவின் யூனிட்டும் சோழவரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லும் ஒரே கஸ்டமர் ஆகிவிட்டன. ஃபர்னஸுக்குத் தண்ணீர் ஓட்டும் பம்ப் நின்றுபோய் அக்கா காத்திருக்க, அதற்கான ஸ்பேர் ரைஸ் மில்லில் போய் இறங்கியது.

எஸ்தர் யார் மேலும் பழி போடவில்லை. தன் ஸ்கூட்டரிலேயே சோழவரம் போய் ஸ்பேரை வாங்கி, ஆரம்பாக்கம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா வாய்க்கு வந்தபடி திட்டினாராம். அப்புறம் சோறு போட்டாராம். அன்றிலிருந்துதான் இருவருக்கும் தினசரிப் பேச்சு.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “பேஜாருடி. நான் இன்னா சொன்னேனோ அதத்தான் அது செஞ்சிக்கினு இருந்திருக்கு.”

புது விளக்கம் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்தது. ஜிஎஸ்டி எண்ணைப் பார், டெலிவரி இடத்தைப் பார், சந்தேகம் வந்தால் எங்களைக் கேள்... ஏஜென்ட் எதற்கெடுத்தாலும் எங்களைக் கேட்க ஆரம்பித்தது. நான் பாதியை வெட்டினேன். எஸ்தர் சில நாள் என்னோடு பேசவில்லை.

இன்று காலை ஐடி ஆட்கள் அவள் லாகினை எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தால் அவளுடைய கஸ்டமர்கள் எல்லோருக்கும் “உங்கள் தொடர்பு நபர் மாற்றப்பட்டுள்ளார்” என்று தானாக மெசேஜ் போகும். வேண்டாம் என்றேன்.

கால்பேக் டூலின் விளக்கத்தைத் திறந்தேன். லீவில் இருந்தால், மீட்டிங்கில் இருந்தால், வேலையை விட்டுப் போனால்... எல்லாம் எழுதியிருந்தோம். இது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஒரு வரி சேர்த்தேன். “எஸ்தரைக் கேட்டால் நீ எந்தப் பதிலும் சொல்லாதே. கால்பேக் போடாதே. அழைப்பை என்னிடம் கொடு.”

கொஞ்ச நேரத்தில் என் லைன் அடித்தது. விஜயா அக்கா.

“எஸ்தர் இல்லியாம்மா? காலையிலேந்து எதிர்பாத்துக்கினு கீறேன்.”

ஏஜென்டுக்கு எழுதிக் கொடுத்தேனே தவிர, நான் என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை.

“அக்கா... எஸ்தர் தவறிட்டாக்கா. இன்னிக்கு விடியகாத்தால.”

அக்கா கேட்டது ஒன்றுதான்.

“அவ ஊடு அத்திப்பட்டுல எங்கம்மா? எனக்கு வழி சொல்லு.”

சொன்னேன். ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

நாளை காலை அடக்கம். வருகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், வழி சொல்கிறேன்.

போய் வா, எஸ்தர். உன்னைக் கேட்டு லைனில் இன்னும் ஆள் இருக்கிறது... நான் பேசிக்கொள்கிறேன்.