சந்திரிகாவுக்குப் பிடிக்காத கார்

மந்தைவெளியில் ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறாள் சந்திரிகா. வயது அறுபத்து நாலு. ராயப்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற வாரமே கணவரிடம், "எனக்கு நகையும் வேண்டாம், புடவையும் வேண்டாம். வந்த பணத்துல ஒரு கார் வாங்கிடுவோம். இந்த முழங்காலை வெச்சுண்டு ஆட்டோல ஏறி இறங்க முடியலை" என்று சொன்னாள். வெங்கடரமணன் உடனே சரி என்றார். அது நாலு வருஷத்துக்கு முந்தைய பேச்சு.

அவர் அம்பத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தவர். ஒரு சாமானுக்கு மூன்று இடத்தில் விலை கேட்டு, கட்டம் போட்டு ஒப்பிட்டு, மேலிடத்துக்கு அனுப்புவது அவர் வேலை. இதை வாங்கலாம் என்று கையெழுத்துப் போட்டது எப்போதும் வேறு யாரோ. கார் விஷயத்திலும் அப்படித்தான் இறங்கினார். ஒரே மாதத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டிகளைக் கழித்துக்கட்டி, இரண்டில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டுமே நடுத்தர அளவு செடான். ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம், பெரிய டிக்கி, விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒன்றின் ஷோரூம் அடையாறில், மற்றது தி. நகரில். அதனால் வீட்டில் அவற்றுக்கு அடையாறு கார், தி. நகர் கார் என்றே பெயர் விழுந்துவிட்டது.

"அடையாறு கார்ல ஸ்டியரிங் லேசா இருக்கு. ஆனா தி. நகர் கார்ல பின் சீட்டு நன்னா சாய்வா இருக்கு" என்பார், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

"அப்போ தி. நகரையே எடுத்துடுங்கோளேன்."

"அப்படிச் சட்டுனு எடுத்துட முடியுமா? மைலேஜ் அடையாறுக்குன்னா ஜாஸ்தி."

மாதம் ஒரு தடவை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு ஷோரூமுக்கும் போய்வருவார். அங்கே அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் சார் போட்டார்கள். திரும்பி வரும்போது அவர் முகம் தெளிந்திருக்கும். ஒரு வருஷம் அடையாறு காரில் புது மாடல் வந்தது. மறு வருஷம் தி. நகர் காரின் முன்பக்கம் மாறியது. ஒப்பிடுகிற வேலை முதலிலிருந்து தொடங்கியது. சந்திரிகா ஆட்டோவில் பிசியோதெரபிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். மழை நாட்களில் ஆட்டோ கிடைக்காமல் கணுக்கால் தண்ணீரில் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

போன ஆடியில் டாக்டர் ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார். இனி இவரை நம்பிப் பயனில்லை என்று, அவர் பழைய ஆபீஸ் நண்பர்களோடு காஞ்சிபுரம் போன ஒரு நாளில், சந்திரிகா தானே தி. நகருக்குக் கிளம்பினாள்.

ஷோரூமில் கயல் என்ற பெண் எதிரே வந்து உட்கார்ந்தாள். கணவர் இங்கே அடிக்கடி வந்து பார்த்த கார் என்றாள் சந்திரிகா. "சார் நம்பர் சொல்லுங்க மேடம், ஃபைலை எடுத்துடறேன்" என்றவள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு சந்திரிகாவைப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்த மேடமா?"

"எந்த மேடம்?"

கயல் சற்றுத் தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. சார் பதினேழு தடவை ஓட்டிப் பாத்திருக்காரு. ரெண்டு தடவை ஃபார்ம்கூட எழுதிட்டோம். கையெழுத்துப் போடற நேரத்துல, வீட்ல அவங்களுக்குப் பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. கலர் பிடிக்கல, சீட்டு பிடிக்கல, ரொம்பப் பிடிவாதம்னு..." அதற்கு மேல் சொல்லாமல், திரையை லேசாக அவள் பக்கம் திருப்பினாள். தேதி வாரியாக ஒரே குறிப்பு ஆறு இடத்தில் இருந்தது: மனைவிக்கு விருப்பமில்லை.

சந்திரிகா அந்தக் காரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த மேஜைப் பையன் எட்டிப் பார்த்ததைக் கவனித்தாள்.

வெளியே வந்து அடையாறுக்கு ஆட்டோ பிடித்தாள். அங்கேயும் இதே கதைதானா என்று தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது. கோட்டூர்புரம் பாலம் ஏறும்போது நாத்தனார் பங்கஜாவின் நினைவு வந்தது. அவள் வீடு பாலத்தை ஒட்டித்தான்.

பத்து வருஷத்துக்கு முன், ஆறு ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில், பங்கஜாவின் தரைத்தள வீடு மார்பளவு முழுகியது. கணவன் போய் இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவள் வருவாள் என்று சந்திரிகா உள்ளறையை ஒழித்து மெத்தை விரித்திருந்தாள். கீழே போய்விட்டு வந்த வெங்கடரமணன், "பங்கஜா மாம்பலத்துல சிநேகிதியாத்துலயே இருந்துக்கறாளாம்" என்றார். அதன்பின் பங்கஜா இவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கல்யாண வீடுகளில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திமிர் என்று நினைத்து சந்திரிகாவும் விறைத்துக்கொண்டாள்.

ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

கதவைத் திறந்த பங்கஜா, "மன்னியா?" என்றாள். வழி விடவில்லை.

"அந்த வெள்ளத்தப்போ உங்கண்ணா உன்கிட்ட என்ன சொன்னார்?"

"பத்து வருஷம் கழிச்சு இதைக் கேக்கவா வந்தேள்?"

"சொல்லு பங்கஜா."

"சந்திரிகாவுக்குப் பிடிக்கலை, வேற எங்கேயாவது பாத்துக்கோன்னான். எங்கே வெச்சு சொன்னான் தெரியுமோ? உங்க ஃபிளாட் கீழே, வாட்ச்மேன் நாற்காலிகிட்ட. ஈரப் புடவையோட நின்னுண்டிருந்தேன்."

"நான் மேலே உனக்குப் படுக்கை போட்டுண்டிருந்தேன்."

பங்கஜா நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். "இருக்கலாம் மன்னி. அதை வெச்சுண்டு இப்போ நான் என்ன பண்றது? நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆத்துல இருக்கேள். நான் யாரை நம்பறது?"

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். சந்திரிகா வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அடையாறுக்குப் போகவில்லை.

சாயங்காலம் வெங்கடரமணன் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள். அவர் மறுக்கவில்லை.

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். நான் முடியாதுன்னா மூஞ்சில அடிச்சாப்பல இருக்கும். ஆத்துக்காரி பேரைச் சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டா."

"உங்களை நினைக்க மாட்டா. என்னை?"

"உன்னை யார் என்ன பண்ணிட்டா இப்போ?" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

மறுநாள் சந்திரிகா தி. நகருக்கே மறுபடியும் போனாள். "ரெண்டு காருக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று கேட்டாள். "நெஜமா சொன்னா பெருசா ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள் கயல். எந்த நிறம் சீக்கிரம் கிடைக்குமோ அதைக் கொடு என்று கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து வாரத்தில் வெள்ளைக் கார் வந்தது. எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, தேங்காய் உடைத்து, வெங்கடரமணன்தான் முதலில் ஓட்டினார். இரண்டாம் மாடி முருகையன் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். "இவளுக்கு இதுதான் வேணும்னுட்டா. என்னைக் கேட்டிருந்தா அடையாறு கார்தான் எடுத்திருப்பேன்" என்றார் இவர். லிஃப்டுக்காக நின்றிருந்த சந்திரிகாவின் காதில் அது விழுந்தது.

ஆபரேஷன் முடிந்து அந்தக் காரில்தான் வீடு திரும்பினாள். பின் சீட்டில் காலை நீட்டி, தலையணை வைத்து அவரே உட்காரவைத்தார். ஆர்.கே. மடம் சாலை திரும்பும்போது தானாகவே பேச்செடுத்தார்.

"பங்கஜா நேத்து போன் பண்ணினா. ஆஸ்பத்திரிக்கு வரட்டுமான்னு கேட்டா. உனக்கு யாரையும் பாக்கப் பிடிக்கலைன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டு ஹார்னை அடித்தார்.

சந்திரிகா பையிலிருந்து போனை எடுத்துப் பங்கஜாவின் எண்ணை அழுத்தினாள். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழுத்தினாள். வீட்டு வாசல் வரும்வரை யாரும் எடுக்கவில்லை.