ஹெல்ப் என்று அடித்த அக்கா

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கிடங்கில் லோரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அது எனக்கு ஏழாவதோ எட்டாவதோ வேலை. அங்கே கம்ப்யூட்டர் அறையில் ஓர் அக்கா இருந்தார். மெலிந்த உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி, அறைக் குளிருக்கு ஆண்கள் போடும் சுவெட்டர். எந்தக் கட்டளை மறந்தாலும் யாரையும் கூப்பிடமாட்டார். ‘ஹெல்ப்’ என்று அடிப்பார். திரையில் வரும் விளக்கத்தை விரல் வைத்து, வாய்விட்டுப் படிப்பார்.

ஒரு நாள் சரக்குப் பட்டியல் அச்சாகவில்லை. அது இல்லாமல் லோரி கேட்டைத் தாண்டாது. சரக்கோடு கூடப் போகும் நான் லூமுட் துறையில் பங்கோர் தீவுக்குப் போகும் ஃபெர்ரியை இன்னொரு முறை தவறவிட்டால் வேலைக்கே வராதே என்று முதலாளி தவுக்கே என்னிடம் சொல்லியிருந்தார்.

“தெரியலன்னா சொல்லிருங்கக்கா, கையால எழுதிக்கலாம்லா!” என்று கத்தினேன்.

“தெரியலதான். அதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். சும்மா இரு தம்பி.”

“யாருகிட்ட?”

“இதுகிட்டதான். எத்தன தடவ கேட்டாலும் மூஞ்சிய சுளிக்காது.”

மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. ஏதோ அடித்தார். பிரிண்டர் கிறீச்சிட்டது. ஃபெர்ரியைப் பிடித்துவிட்டோம்.

எஸ்டேட் பள்ளியில் ஒரே கணக்கை இரண்டாம் முறை கேட்டு, பிரம்படி வாங்கி, படிப்பை விட்டவன் நான். அதன்பிறகு எங்கேயும் தெரியாது என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நாள் வந்தால் வேலையை விட்டு ஓடிவிடுவேன். அந்தக் கிடங்கில் மட்டும் மூன்று வருடம் இருந்தேன். தெரியாததையெல்லாம் கேட்டேன்.

அக்காவின் பெயரை மட்டும் கேட்காமலே வந்துவிட்டேன்.