ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

விரல் போய்விட்டால் டீச்சருக்கு என்ன மிச்சம்? மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாம் டெல்லியிலேயே பிறந்த பிள்ளைகள். 'ஞ'வைக் கரும்பலகையில் பெரிசாகச் சுழித்துக் காட்டினால்தான் அவர்கள் கை அந்தப் பக்கம் போகும். வாயால் சொன்னால், அச்சா டீச்சர் என்று தலையாட்டிவிட்டு வேறு எதையாவது எழுதி வைப்பார்கள். ஆகையால் பெரியாஸ்பத்திரி டாக்டர் எனக்கு முடக்குவாதம் என்று சொன்ன அன்றைக்கு நான் கேட்டது ஒன்றுதான். சாக்பீஸ் பிடிக்க முடியுமா? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் முடியும், விட்டால் விரல் கோணிக்கொள்ளும், கோணினது நிமிராது என்றார்.

அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மட்டும். சின்னதாக, மஞ்சளாக இருக்கும். மற்ற நாட்களுக்கு ஒரு சத்து மாத்திரை. அதுவும் சின்னது, அதுவும் மஞ்சள்.

என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் மருந்தே ஆகாது. மத்திய அரசு உத்தியோகம், சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ், டிஸ்பென்சரியில் மாத்திரை, எல்லாம் இருந்தும் அவர் கஷாயத்திலேயே வளர்ந்த மனுஷர். ஈரலைத் தின்றுவிடும் என்று புலம்பிக்கொண்டே இருந்தார். எனக்கு இதிலெல்லாம் பிடிவாதம் கிடையாது. புசா ரோடு பக்கம் ஒரு சித்த வைத்தியரிடம் கூப்பிட்டார், போனேன். தங்கமான வைத்தியர். நாடி பார்த்து, கஷாயமும் தைலமும் கொடுத்து, "ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தாதீங்கம்மா, ரெண்டும் நடக்கட்டும்" என்றார். டாக்டரிடமும் ஒளிக்காமல் சொன்னேன். கஷாயத்தில் என்னென்ன சேர்கிறது என்று விசாரித்துவிட்டு, ரத்தப் பரிசோதனையை மட்டும் தவற விடாதீர்கள் என்றார். வைத்தியம் பார்க்கிற இரண்டு பேருமே ஒத்துப்போன பிறகு எனக்கு என்ன கவலை?

அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கக்கூட அப்போது என் விரலில் தெம்பில்லை. வீட்டுக்காரரே பிதுக்கி என் உள்ளங்கையில் வைப்பார். நான் பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்வேன். கஷாயமும் அவர்தான் காய்ச்சுவார். இப்படி ஒரு புருஷன் கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொண்டேன், பைத்தியக்காரி.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் மூட்டெல்லாம் நெருப்பாக எரிய ஆரம்பித்தது. வலது கை நடுவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, மாத்திரையை விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இவரே கையில் எடுத்து வைக்கிறார், ஒரு வாரம் தப்பினதில்லை என்று வெடுக்கென்று பதில் சொன்னேன். இவர் பக்கத்து நாற்காலியில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார். அப்போதாவது இந்த மனுஷன் வாயைத் திறந்திருக்கலாம்.

குளிர் வந்தது. பஞ்சு அடைத்த ரஜாய்ப் போர்வையை வெளியே எடுக்க வேண்டும், அது கிடக்கிற பெட்டிக் கட்டிலின் பலகையைத் தூக்க எனக்குக் கை ஆகாது. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாதான் தூக்கினாள். ரஜாய்க்கு அடியில் ஒரு துணிப்பை. உள்ளே என் ஞாயிற்றுக்கிழமை மாத்திரைகள், அட்டை அட்டையாக, ஒன்றுகூடப் பிதுக்காமல். ஞாயிறன்றும் அவர் என் கையில் வைத்தது சத்து மாத்திரையைத்தான். மஞ்சளுக்கு மஞ்சள் சரியாய்ப் போயிற்று.

குப்பையில் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. போட மனசு வரவில்லையாம். டிஸ்பென்சரி கொடுத்த மருந்து, சர்க்கார் சொத்து, வீணாக்கக் கூடாதாம். ஆபீஸ் பேனாவைக்கூட வீட்டுக்கு எடுத்து வராத யோக்கியர். அந்த யோக்கியதையில் பெண்டாட்டிக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கக் கூடாதா?

சாயங்காலம் வந்தவர் முன்னால் பையை வைத்தேன். அவர் மறுக்கவில்லை.

"உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். கஷாயத்துலயே சரியாயிடும்னு நம்பினேன்."

"நம்புங்க, யார் வேண்டாம்னா? உங்க நம்பிக்கையைச் சோதிச்சுப் பார்க்க என் விரல்தான் கிடைச்சுதா?"

முழுசாகக் குணமானதும் சொல்லலாம் என்று இருந்தாராம். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பது இதுதான். அவர் நம்பிக்கைக்கு நான் அடுப்பிலேயே இடம் விட்டேன். என்னுடையதை அவர் கட்டிலுக்கு அடியில் போட்டு மூடினார். கூடவே இருந்து குழி பறித்தவரை என்ன சொல்லித் திட்டுவது? வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது.

மறுபடி மாத்திரை சாப்பிட்டதில் வீக்கம் வடிந்துவிட்டது. நடுவிரல் மட்டும் சாய்ந்தது சாய்ந்ததுதான். சாக்பீஸைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். 'ஞ'வின் சுழி பாதியில் உடைந்துபோகிறது. பிள்ளைகள் அதை அப்படியே, உடைந்த இடத்தோடு சேர்த்து, நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

கஷாயத்தை இன்னும் அவர்தான் காய்ச்சுகிறார். நானும் குடிக்கிறேன், மருந்தின் மேல் எனக்கென்ன கோபம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டையைப் பிரித்துத் தருவதற்குக் கையை நீட்டுகிறார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே பல்லால் கிழிக்கிறேன்.