உருகிப்போன அரக்கு முத்திரை

தொண்ணூறுகளில் கொல்லயில் என்ற ஊரில் இருந்தபோது, வேலித் தகராறில் பக்கத்து வீட்டு சரோஜம் என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு மழைநாளில் அவள் வீடு பூட்டியிருந்ததால், பட்டாளத்திலிருந்து மகன் அவளுக்கு அனுப்பிய பார்சலைத் தபால்காரர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மேலே தைத்திருந்த துணி நனைந்திருந்தது. காயட்டும் என்று, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் எங்கள் புகைப்புரையில் வைத்தேன். சூட்டில் அரக்கு முத்திரை உருகிவிட்டது.

சாயந்திரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முத்திரையைப் பார்த்தாள்.

"பிரிச்சுப் பாத்துட்டு ஒட்டி வச்சிருக்கியாக்கும்."

"நனைஞ்சிருந்து, புகையில காய வச்சேன்" என்றேன்.

"கள்ளிக்கு எப்பவும் ஒரு கதை உண்டு" என்று கதவைச் சாத்தினாள். மறுநாள் ஊர் முழுக்க நான் திருடியானேன்.

அதன்பின் அவள் வீட்டில் இல்லாதபோது பார்சல் எது வந்தாலும், தபால்காரரிடம் "அவ படியில வச்சிட்டுப் போங்க சாரே" என்பேன். மழையென்றால், அது நனைவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன்.